குதிகால் பதியாத கால்: போலியோ நடையும் விசைத்தறிக்கூடமும்

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. தறிகளுக்கு நடுவே உள்ள சந்தில் முன்னும் பின்னும் போக வேண்டும். நாடாவில் ஊடைநூல் சுற்றிய தாரை மாற்ற வேண்டும். அறுந்த பாவு இழையைக் குனிந்து பிணைக்க வேண்டும். காவிரியின் அக்கரையில், பவானியில், ஜமக்காளம் நெய்பவர் குழியில் காலை இறக்கி அமர்ந்தே நெய்துவிடலாம். விசைத்தறியில் அதற்கு வழியில்லை. சிறுவயதில் போலியோ தாக்கி முன்தொடைத் தசை வலுவிழந்தவர் இந்தச் சந்தில் எப்படி நடக்கிறார் என்பது, அதனால், அவருடைய பிழைப்பைப் பற்றிய கேள்வி. அவர் நடையில் கோணலாகத் தெரிவதையெல்லாம் நிமிர்த்திவிடுவது சிகிச்சை ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கால் தரையைத் தொட்டதிலிருந்து அதே கால் மறுபடி தொடும்வரை ஒரு நடைச் சுழற்சி. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் கால் ஊன்றியிருக்கும். 40 விழுக்காடு முன்னே வீசப்படும். குதிகால் பட்டதும் உடலின் எடை அந்தக் காலுக்கு மாறுகிறது. அப்போது முழங்கால் 15 முதல் 20 பாகை வரை மடங்கி அதிர்வைத் தாங்கிக்கொள்கிறது. அதற்கு மேல் மடங்காமல் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசை.

அந்தத் தசை இல்லாதபோது உடல் வேறு வழி தேடுகிறது. சிலர் ஒவ்வோர் அடிக்கும் கையால் தொடையை அழுத்தி முழங்காலைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். சிலர் உடம்பை முன்சாய்த்து, எடை முழங்காலுக்கு முன்னால் விழும்படி செய்கிறார்கள். மூன்றாவது வழி கணுக்காலில் இருக்கிறது. கெண்டைக்காலின் தசைநாண் சற்றுக் குறுகிப்போய், குதிகால் பதியாமல் முன்பாதம் ஊன்றும். அந்த நிலையில் கீழ்க்கால் முன்னே சாய முடியாது. முழங்கால் நீண்டு பூட்டிக்கொள்ளும். பார்வைக்கு இது ஊனம். ஆனால் அந்தக் காலை நிற்கவைப்பதே இதுதான். தசைநாணை நீட்டிக் குதிகாலைத் தரையில் பதித்துவிட்டால் பாதம் அழகாக அமரும், முழங்கால் மடங்கி ஆள் விழுவார். எலும்பு அறுவை மருத்துவத்தில் இது பழைய எச்சரிக்கை, மறக்கக் கூடாதது.

கோணல் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாம் என்றும் சொல்ல முடியாது. தொழுநோயில் நரம்பு கெட்டுப் பாதம் தொய்ந்தவர் விரல்கள் இடறாதிருக்க முழங்காலை உயரத் தூக்கி வைக்கிறார். அங்கே நல்ல தசை ஒன்று மிச்சமிருந்தால் அதன் நாணை முன்பாதத்துக்கு மாற்றிப் பொருத்தலாம்; நடை உண்மையிலேயே சீராகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளுக்கான மறுசீரமைப்பு அறுவையைத் தொடங்கிய பின், இது நிலைபெற்ற சிகிச்சையாயிற்று. போலியோ காலில் மாற்றிப் பொருத்த நல்ல தசை மிஞ்சாமலே போய்விடக்கூடும்.

பூட்டிக்கொண்ட முழங்காலும் நாளடைவில் பின்வளைந்து வலிக்கும். தொடையில் ஊன்றிய கை தார் மாற்றவோ இழை பிணைக்கவோ உதவாது. முழங்கால் பூட்டுள்ள காலிபர், அதாவது காலில் அணியும் தாங்குகருவி, கையை விடுவிக்கிறது. ஆனால் காலை வீசும்போது சுமார் 60 பாகை மடங்க வேண்டிய முழங்கால் அதில் மடங்காது. கால் பக்கவாட்டில் வட்டமடித்துத்தான் முன்னே வரும். அகன்ற தாழ்வாரத்தில் அதனால் கெடுதல் இல்லை. தறிச்சந்திலோ கால் தறியில் இடிக்கும்.

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் நோயுற்றார். 2014 மார்ச் 27 அன்று நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. இளம் மருத்துவர்கள் இந்த நடையை இனி அரிதாகவே காண்பார்கள். ஆனால் பிழைத்தவர்கள் பலர் இன்று நடுவயதைத் தாண்டுகிறார்கள். நோய் கண்டு பல பத்தாண்டுகளுக்குப் பின் புதிதாகத் தசை தளர்வதும் உண்டு. அவர்களுக்குக் காலிபரோ அறுவையோ பரிந்துரைக்கும் முன், மருத்துவமனையின் நேர்த் தளத்தில் நடக்கவைத்துப் பார்ப்பது போதாது. தறிச்சந்தின் அகலத்துக்குக் கோடு போட்டு, கையில் தாரைக் கொடுத்து, திரும்பவும் குனியவும் வைத்துப் பார்க்க வேண்டும்; முடிந்தால் தறி ஓடும் இடத்துக்கே போய்.