கல்லாப்பெட்டியும் கிட் கார் பேட்டரியும்

ஷோரூம்ல கார் வாங்குறவங்க பேட்டரி எதுன்னு கேட்டு வாங்குறதில்லை. கம்பெனிக்காரன் எதை வச்சானோ அதுதான். ஆனா வீட்டு ஷெட்டில் தானே காரைக் கட்டுற ஆளுக்கு அந்த நிம்மதி கிடையாது. சேஸிஸ் ஒரு மூலையில, இன்ஜின் ஒரு மூலையில, வயர் குவியல் ஒரு பக்கம்னு கிடக்கும்போது, எந்த பேட்டரி, அதை எங்கே வைக்கிறதுன்னு அவரேதான் முடிவு பண்ணணும். இந்தத் தலைவலிக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல பழைய கதை ஒண்ணு இருக்கு. பழைய கார் சமாச்சாரம்னா எனக்குச் சோறு தண்ணி வேண்டாம், அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க :-)

ஈயத்தகட்டை அமிலத்தில் முக்கி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் வித்தையை 1859-ல் செய்து காட்டினார் பிரான்ஸின் காஸ்டன் பிளாந்தே. 1899-ல் மணிக்கு 100 கிலோமீட்டரை முதன்முதலில் தாண்டிய காரே பேட்டரியில் ஓடினதுதான். அப்புறம் பெட்ரோல் கார் ஜெயிச்சிடுச்சு. அதை ஸ்டார்ட் பண்ண முன்னாடி ஒரு ஹேண்டிலைச் சொருகிச் சுத்தணும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைச்சா மணிக்கட்டு போயிடும். தீப்பொறிக்கு மேக்னெட்டோ இருந்ததால பேட்டரி இல்லாமலேயே பல கார்கள் ஓடிக்கிட்டிருந்தன.

இங்கேதான் சார்லஸ் கெட்டரிங் வர்றார். அமெரிக்காவில் டேட்டன் ஊர்ல, நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் வச்சவர். கல்லாவைத் திறக்க மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டாம், ஒரு நொடி முரட்டுத்தனமா இழுத்தா போதும். அந்த ஒரு நொடிக்குச் சின்ன மோட்டாரைத் தாங்க முடியாத அளவுக்கு வேலை வாங்கலாம், சூடேறி எரியறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். அதே புத்தியைக் காருக்குப் போட்டார். 1912 மாடல் கேடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதோட பேட்டரி காரின் நிரந்தரக் குடித்தனக்காரர் ஆயிட்டார். அவருக்கு விதிச்ச வேலை சில நொடி உழைப்பு மட்டும்தான்.

இப்போ அப்படியே இங்கிலாந்துக்கு வாங்க, 1957. காலின் சாப்மன் லோட்டஸ் செவன் காரை வெளியிடுறார். வரியோட முழுக் காரா வாங்கினா 1,036 பவுண்டு, பாகங்களா வாங்கி நீங்களே பூட்டிக்கிட்டா 536 பவுண்டு. பிரிச்ச பாகங்களுக்கு பர்சேஸ் டாக்ஸ் கிடையாது, அதான் சூட்சுமம். 1973-ல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போச்சு. அதே வருஷம் செவன் தயாரிப்பு உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குக் கைமாறிச்சு. 1996-ல் ரான் சாம்பியன் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம்னு புத்தகமே போட்டார். அதுக்கப்புறம் எத்தனை ஷெட்டில் வெல்டிங் பொறி பறந்துதோ!

இந்த வகைக் கார் 500 கிலோவைச் சுத்திதான் எடை இருக்கும். ரேடியோ இல்லை, ஏசி இல்லை, கதவுகூட பேருக்குத்தான். அதுல 12-லிருந்து 15 கிலோ பேட்டரியைத் தூக்கி வைக்கக் கட்டுறவருக்கு மனசு வருமா? அதுவும் பல செவன் வகைக் கார்களில் பேட்டரி உட்கார்ற இடம் இன்ஜினுக்கும் நம்ம காலுக்கும் நடுவே இருக்கிற தட்டு. அமிலம் தளும்புற பழைய பேட்டரி அங்கே கவிழ்ந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

வழி ரெண்டு திசையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் சோனன்ஷைன் கம்பெனி அமிலத்தைக் கூழாக்கின பேட்டரியைக் கண்டுபிடிச்சதும் அதே 1957-லதான். 1972-ல் அமெரிக்காவின் கேட்ஸ் ரப்பர் கம்பெனி, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்ச வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிச்சு. ஏஜிஎம்னு இன்னிக்குச் சொல்றது இதைத்தான். கவிழ்த்தாலும் கொட்டாது, தண்ணி ஊத்த வேண்டாம். கிட் கார்க்காரங்க பலர் விரும்பி வாங்குற ஒடிசி பிசி680 இந்த ரகம்தான். 7 கிலோ, 16 ஆம்பியர்-மணி.

இங்கே ஒண்ணு கவனிங்க. பேர்ல இருக்கிற 680, அஞ்சே நொடிக்குக் கொடுக்கும் ஆம்பியர். மைனஸ் 18 டிகிரி குளிர்ல 30 நொடி தாங்கணும்ங்கிற வழக்கமான அளவுகோல்ல பார்த்தா 200-ஐ ஒட்டித்தான் வரும். ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். நல்லா டியூன் பண்ணின 1600 சிசி இன்ஜினுக்கு அஞ்சு நொடியே தாராளம். கெட்டரிங்கோட அதே கல்லாப்பெட்டிக் கணக்கு!

உதைக்கிற இடம் வேற. அலாரமும் இம்மொபிலைசரும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் உறிஞ்சுதுன்னு வைங்க. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி. முப்பது நாள்ல 14-க்கு மேல போயாச்சு. 16-ல மிச்சம் என்ன? இங்கிலாந்துல இந்தக் கார்கள் குளிர்காலம் பூரா போர்வை போர்த்தித் தூங்குறவை. காலியா கிடந்தா தகட்டில் ஈய சல்ஃபேட் படிஞ்சு பேட்டரி செத்தே போகும். பழைய டைனமோ வச்ச கார்னா இன்னும் மோசம். சிக்னல்ல ஹெட்லைட்டோட நின்னா டைனமோ ஈடு கொடுக்காது, பேட்டரிதான் கைக்காசைப் போட்டுச் சமாளிக்கணும். அதுக்கு 16 பத்தாது, எடையைப் பார்க்காம பெரிசா வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இன்னும் இளைக்கணுமா? லித்தியம் இரும்பு பாஸ்பேட். குட்இனஃப் குழு 1997-ல் ஆய்வுக்கட்டுரையா வெளியிட்ட சரக்கு. 2009-ல் போர்ஷ கம்பெனி லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை விருப்பத் தேர்வா அறிவிச்சுது. 6 கிலோகூட இல்லை, வழக்கமானதைவிட 10 கிலோ கம்மி. விலை 1,900 யூரோவுக்கு மேல! கூடவே சாதாரண ஈய பேட்டரி ஒண்ணையும் கையில கொடுத்தாங்க, கடுங்குளிருக்கு மாட்டிக்கச் சொல்லி.

நான் ஒரு செவன் கட்டுறதா இருந்தா (கனவுக்கு என்ன வரியா போடுறாங்க?) ஆல்டர்னேட்டர் உள்ள இன்ஜின், 7 கிலோ ஏஜிஎம், அசையாம ஒரு இரும்புப் பட்டை, எக்ஸாஸ்ட் சூடு படாம ஒரு மறைப்பு, கை எட்டுற தூரத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். போர்வை போர்த்தறதுக்கு முன்னாடி அதைத் திருப்பிட்டா அலாரத்துக்குத் தீனி கிடையாது. திருட்டு பயம் இருக்கிறவங்க ஷெட்டுக்கு நல்ல பூட்டா வாங்கிப் போட்டுக்கலாம்.