வான்வழித் தொலைவும் பயண நேரமும்: லண்டன்–நியூயார்க் தடம் குறித்த ஆய்வு

1. பொருள் வரையறை

இரு நகரங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம் என்பவை ஒரே வினாவின் இரு பாதிகளாகத் தோன்றும். ஆனால் தொலைவுக்கு அடிப்படை புவியின் வடிவம். நேரத்திற்கு அடிப்படை காற்றும் நடைமுறையும். ஆகவே இரண்டையும் தனித்தனியே வகுத்த பின்னரே இணைத்துக் காணல் தகும்.

2. தொலைவின் வகைகள்

தொலைவு மூவகைப்படும். புவிக்கோளத்தின் மேல் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வில்லின் நீளம் பெருவட்டத் தொலைவு. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே அது ஏறத்தாழ 5,550 கி.மீ. நியூயார்க் லண்டனுக்குத் தெற்கே உள்ளது; எனினும் இவ்வில் ஹீத்ரோவில் நேர்மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்தே தொடங்குகிறது. விமானம் தரைக்கு மேல் உண்மையில் கடக்கும் வழியின் நீளம் தடத் தொலைவு. நகரும் காற்றுத்திரளை ஒப்பிட்டு அது கடப்பது காற்றுத் தொலைவு. எரிபொருள் செலவை உணர்த்துவது இம்மூன்றாம் அளவே.

3. நேரத்தின் வகைகள்

நேரமும் மூவகைப்படும். ஓடுபாதையை விட்டு எழுவது முதல் தரை தொடுவது வரை பறப்பு நேரம். நிறுத்துமிடத்தில் சக்கரக்கட்டையை எடுப்பது முதல் மீண்டும் வைப்பது வரை கட்டை நேரம். கால அட்டவணை தருவது இதனையே. புறப்பாடு, வருகை ஆகியவற்றின் உள்ளூர் மணிகளைக் கழித்துப் பெறுவது கடிகார நேரம். லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு 8 மணி நேரம் சென்றால் நியூயார்க்கில் பிற்பகல் 2 மணி. அங்கிருந்து மாலை 7 மணிக்குப் புறப்பட்டு 7 மணி நேரம் வந்தால் லண்டனில் மறுநாள் காலை 7 மணி. கடிகார நேரம் 3, 12 என விலகி நிற்பது 5 மணி நேர மண்டல வேறுபாட்டால்.

4. காரணம்

கட்டை நேரம் திசைக்கேற்ப மாறுவதற்கு முதன்மைக் காரணம், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று. துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் புவியின் சுழற்சியும் அதனை உருவாக்குகின்றன. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடப் பறப்பு நேரத்தில் அடைந்தது இக்காற்றின் உதவியால்தான்.

5. காற்றின் கணக்கு

போகும்போது இழப்பதை வரும்போது மீட்கலாம் என்பர். அது பிழை. காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 100 கி.மீ. எனக் கொள்வோம். 5,550 கி.மீ. கடக்க எதிர்க்காற்றில் 6 மணி 56 நிமிடம், பின்காற்றில் 5 மணி 33 நிமிடம். கூட்டினால் 12 மணி 29 நிமிடம். காற்றே இல்லையெனில் 12 மணி 20 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் பறப்பதால் இழப்பே மிகும். இதனால்தான் வட அட்லாண்டிக்கின் தடங்களை அன்றாடக் காற்றுக்கேற்ப நாள்தோறும் வகுக்கின்றனர்.

6. முடிவு

தொலைவுக்கு ஓர் எண்ணும் நேரத்துக்கு ஓர் எண்ணும் போதா. எந்த வகைத் தொலைவு, எந்த வகை நேரம், எந்தத் திசை என்ற மூன்றையும் குறிக்காத பயணக் கணக்கு நிறைவுடையதன்று.