பானையில் இடம்பெறாத சாரை: இருளர் கூட்டுறவும் பாம்புகளை அடைத்துப் பேணுதலின் வரலாறும்

முன்னுரை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டு, முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலால் வரலாற்று ஆய்வாளர்க்கு நன்கு அறிமுகமான ஊர். செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றி மும்மூர்த்திகளுக்கு எடுக்கப்பட்டதென்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. ஊரைச் சூழ்ந்த நெல்வயல்களுக்கும் கரம்புகளுக்கும் பாறைக்குன்றுகளுக்கும் கல்வெட்டில் ஏறாத வேறொரு வரலாறு உண்டு. அது இப்பகுதியில் பரவலாக வாழும் இருளரையும் அவர்கள் பிடித்த பாம்புகளையும் பற்றியது. அப்பாம்புகளுள் சாரைக்குத் தனி இடம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாம்புகளை முறையாக அடைத்துப் பேணும் நிறுவனங்கள் தோன்றியபோது, எப்பாம்பைப் பேணுவது என்பதை நஞ்சின் விலையே முடிவு செய்தது. நஞ்சற்ற சாரை வெளியே நின்றது. சாரையைப் பற்றிய இருளர் அறிவும் அதனுடன் பதிவுக்கு வெளியே நின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தோலின் காலம்

சாரையை 1758-இல் லின்னேயஸ் அறிவியல் பெயரிட்டுப் பதிவு செய்தார். ஆறடிக்கு மேல் வளரும் இப்பாம்பு பகலில் இரை தேடுவது. எலியும் தவளையும் இதன் முதன்மை உணவு. மனிதர்க்குத் தீங்கு செய்யும் நஞ்சு இதற்கில்லை. ஆயினும் சாரையும் நல்லபாம்பும் இணை சேரும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டு ஊர்களில் வலுவாக நிலவுகிறது. இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று பின்னி எழுந்து வலிமை காட்டும் போட்டியையே மக்கள் பெரும்பாலும் இணைசேர்க்கை என்று கொள்கின்றனர். நல்லபாம்பின் துணை எனக் கருதப்பட்டதால் சாரைக்கு மரியாதையும் கிடைத்தது, அடியும் கிடைத்தது.

நீளமும் வழவழப்பும் உடைய சாரைத்தோல், கைப்பை, இடைவார், காலணி ஆகியவற்றுக்கு ஏற்றதாக இருந்தது. இருளர் பிடித்துக் கொடுத்த தோல்கள் தரகர் வழியாகப் பதனிடும் தொழிற்கூடங்களுக்கும் அங்கிருந்து வெளிநாட்டுச் சந்தைக்கும் சென்றன. இவ்வணிகத்தில் பாம்பை உயிருடன் பேண வேண்டிய தேவையே எழவில்லை. பிடித்தவருக்குக் கிடைத்தது கூலியே. விலையின் பெரும்பங்கு இடைநிலையினருக்குச் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1976-இல் வந்த ஏற்றுமதித் தடையும் இதனை முடிவுக்குக் கொண்டுவந்தன. தடை தேவையானதே. ஆனால் அதனை விதித்தவர்கள், தோலை நம்பி உலைவைத்த குடும்பங்களுக்கு மாற்று வழி எதையும் உடன் வகுக்கவில்லை. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைக்கும் நிலை வடமாவட்ட இருளரிடையே பரவியதற்குப் பல காரணங்கள் உண்டு. வேட்டைத்தொழில் அறுந்ததை அவற்றுள் ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தும்.

நஞ்சின் காலம்

ரோமுலஸ் விட்டேக்கர் 1969-இல் சேலையூரில் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972-இல் கிண்டிக்கு மாறியது. அங்கு இருளரின் திறன் முதன்முறையாகப் பாம்பைக் கொல்லாத பணிக்குப் பயன்பட்டது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கிவருகிறது.

சங்கத்தின் நடைமுறை எளிமையானது. வனத்துறை வரையறுக்கும் எண்ணிக்கைக்குள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் பிடிக்கப்படுகின்றன. அவை மண்பானைகளில் இடப்பட்டு, பானை வாய் பருத்தித்துணியால் கட்டப்படுகிறது. ஏறத்தாழ மூன்று வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை என்ற கணக்கில் நஞ்சு எடுக்கின்றனர். பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிப் பாம்பைக் காட்டிலேயே விடுகின்றனர். அதே பாம்பு விரைவில் மீண்டும் பிடிபட்டால் அந்த அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். உறையவைத்து உலர்த்திய நஞ்சு நஞ்சுமுறி மருந்து செய்வோருக்கு விற்கப்படுகிறது. உயிருள்ள பாம்பு செத்த பாம்பைவிட மதிப்புடையதாயிற்று. இந்தியப் பாம்பு வரலாற்றில் இது பெரிய திருப்பம் எனல் மிகையன்று.

எனினும் அத்திருப்பத்தில் சாரைக்குப் பங்கில்லை. பானைக்குள் அது தருவதற்கு ஒன்றுமில்லை. மேலும், பரந்து திரிந்து இரை தேடும் சாரை அடைப்பை எளிதில் ஏற்பதில்லை. காட்டிலிருந்து பிடிக்கப்பட்டது கண்ணாடியிலும் வலையிலும் ஓயாது மோதி முகத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஆகவே, பொதுமக்கள் காணும் காட்சிப் பெட்டிகளோடு அதன் நிறுவன வாழ்வு பெரும்பாலும் நின்றுவிட்டது. சங்கம் கடற்கரையை ஒட்டி அமைந்து, செங்கல்பட்டைச் சுற்றிய குடும்பங்களையே பெரிதும் உறுப்பினராகக் கொண்டதால், செஞ்சி போன்ற உள்பகுதி இருளர்க்கும் அதன் பயன் மிகுதியாக எட்டவில்லை.

வயலில் எஞ்சிய அறிவு

உள்பகுதியில் தொடர்ந்தது எலி பிடித்தல். வளையின் வாய்கள் ஒன்றைத் தவிர அடைக்கப்படும். துளையிட்ட மண்சட்டியில் வைக்கோலை மூட்டி ஊதி, திறந்த வாய்வழியே புகையைச் செலுத்துவர். பிறகு வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்த நெல்லையும் எடுப்பர். கை நுழைப்பதற்கு முன், உள்ளிருப்பது எலியா பாம்பா, பாம்பெனில் எது என்பதைத் தடம், எச்சம், உரிந்த சட்டை ஆகியவற்றால் அறிந்தாக வேண்டும். சாரையை அறிவது இங்கே தொழிலின் பகுதி. ஒரே வளையில் ஒரே இரையை நாடும் போட்டியாளர் அது.

இவ்வறிவு நஞ்சோடு மட்டும் பிணைந்ததன்று என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தடம்பார்த்துப் பிடித்தனர். மலைப்பாம்புக்கும் நஞ்சில்லை. 2023-இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தோல் வணிகம் நின்ற 1976-இல் இருபது வயதினராய் இருந்தோர் இன்று எழுபதை எட்டிவிட்டனர். எந்தப் பருவத்தில் சாரை எவ்வரப்பில் முட்டையிடும், தோல் எந்தத் தரகர்வழி எங்குச் சென்றது, தடைக்குப் பின் முதல் ஆண்டில் குடும்பம் எதனை உண்டது என்பவற்றைத் தம் அனுபவத்திலிருந்து சொல்லத்தக்கவர் அவர்களே. மண்டகப்பட்டையும் செஞ்சியையும் சுற்றிய இருளர் குடியிருப்புகளில் அவ்வாய்மொழிப் பதிவை மேற்கொள்ளச் சில ஆண்டுகளே உள்ளன.