இரவுப் பள்ளி: காஞ்சி வட்டாரத்தில் கூத்துப் பயிற்சியின் வரலாறு

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஆலைகள் எழுவதற்கு வெகுகாலம் முன்பே ‘கம்பெனி’ என்னும் சொல் தமிழகத்தில் வழங்கிவந்தது. அது அப்போது நாடகக் குழுவைக் குறித்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் சபைகள், அதாவது சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்டு ஊர்ஊராகச் சென்ற ‘பாய்ஸ் கம்பெனிகள்’, உண்ணவும் உறங்கவும் பாடம் கேட்கவும் ஒரே கூரையைத் தந்ததால் அவற்றைத் தமிழில் மாணவர் நாடகத்தின் முதல் விடுதிகள் என்று கொள்வதில் தவறில்லை. காஞ்சிபுரத்தையும் செய்யாற்றையும் சூழ்ந்த ஊர்களின் கூத்துக் குழுக்களுக்கு அத்தகைய கூரைகூட இருந்ததில்லை. ஆட்டம் நடக்கும் இடமே அங்கே பள்ளி, இரவே பாடவேளை.

இக்கூத்து இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடப்பது. பெரும்பாலும் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவில், பகலில் பிரசங்கியார் கதை சொல்ல, அன்றைய கதைப் பகுதியை இரவில் ஆடிக்காட்டுவது. குழுவில் சேரும் சிறுவனுக்கு வாத்தியார், அதாவது பாட்டும் ஆட்டமும் கற்பித்துக் குழுவை நடத்துபவர், பாடத்தைத் தனியே உட்காரவைத்துச் சொல்லித்தருவது குறைவு. வேடதாரி ஓர் அடியைப் பாடி முடித்ததும் அதை வாங்கித் திருப்பிப் பாடும் பின்பாட்டுக்காரர்களோடு அவன் நிற்கவைக்கப்பட்டான். முன்னே ஆடுபவர் மூச்சு வாங்கும் இடம் எது, மிருதங்கம் எந்த அடியில் முடித்துவைக்கிறது, கட்டியக்காரன் (முதலில் தோன்றி வேடங்களை வரவேற்று, நகைச்சுவையால் கதையை நகர்த்தும் பாத்திரம்) எப்போது பேச்சை இழுக்கிறான், எப்போது வெட்டுகிறான் என்பவையெல்லாம் அங்கு நின்றபடியே காதில் ஏறின. எழுதிய பிரதி ஒருபுறம் இருக்க, வசனத்தின் பெரும்பகுதி அந்தந்த இரவுக்கே உரியதாதலால், ஒருவர் சொல்லுக்கு மற்றவர் இடங்கொடுக்கத் தெரியாத குழுவில் எவ்வளவு நல்ல குரலும் எடுபடாது.

ஆயினும் இம்முறைக்கு ஒரு விலை இருந்தது. இரவெல்லாம் விழித்த சிறுவன் காலையில் பள்ளிக்குப் போக இயலாது. கூத்துக்காரர் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியோடு நின்றதற்கு வறுமையைப் போலவே இந்த நேரக் கணக்கும் காரணம். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டியதால் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளியின் கதவு திறந்ததே இல்லை.

பெருங்கட்டூரைச் சேர்ந்த ராஜகோபால் இவ்வாறு சிறுவயதிலேயே தந்தையின் குழுவில் ஆடத் தொடங்கியவர். அவரும், இக்கலையை ஆராய வந்த நெதர்லாந்து அறிஞர் ஹன்னெ டெ புரூயினும் முன்னின்று 1990இல் கூத்துக் கலைஞர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரை அச்சங்கம் வற்புறுத்தியது. கட்டை என்பது அரச வேடங்கள் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் மர அணிகலன். கண்ணாடிச் சில்லுகள் பதித்த அவற்றைக் கட்டிக்கொண்டால்தான் துரியோதனனும் கர்ணனும் விளக்கொளியில் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் புரிசையின் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் மரபினரோ ‘தெருக்கூத்து’ என்ற பெயரையே பெருமையோடு சூடிக்கொண்டவர்கள். சொல்லைப் பற்றிய இந்த வழக்கு எளிதில் தீரக்கூடியதன்று. தெரு என்னும் சொல்லில் இழிவைக் கேட்டவர்களும் உரிமையைக் கேட்டவர்களும் ஒரே கலையைத்தான் ஆடினார்கள்.

சங்கம் 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் சேர்த்துக் கற்றனர். பழைய குழுவில் ஆட்டத்தின் ஓரத்தில் நின்று பொறுக்கிக்கொண்டது இங்கே குரல், அடவு, தாளம், ஒப்பனை என்று பிரிக்கப்பட்டு, அட்டவணைக்குள் வந்தது. அதனால் கூத்து வகுப்பறைத் தன்மை அடைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் மாணவர் குழு ஊர்களுக்குச் சென்று முழு இரவு ஆடவும் வேண்டியிருந்ததால், விழிப்பின் பயிற்சி முற்றிலும் கைவிடப்படவில்லை. இக்குருகுலத்தின் பெரிய மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது: பெண்பிள்ளைகள் திரௌபதியாக மட்டுமன்றித் துரியோதனனாகவும் கட்டை கட்டினர். பயிற்சியில் அனைவரும் எல்லா வேடங்களின் பாட்டையும் பின்பாட்டாகப் பாடவேண்டியிருந்ததால், அந்த வேடங்களுக்கான குரல் அவர்களிடம் ஏற்கெனவே உருவாகியிருந்தது.

இதே ஆண்டுகளில்தான் வட்டாரத்தின் பொழுதும் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்க, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006 முதல் 2014 வரை கைபேசிகளைச் செய்ய, ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும் டைம்லர் 2012இலும் உற்பத்தியைத் தொடங்கின. மாதச் சம்பளம், ஷிப்டு நேரம், தவறாத பேருந்து ஆகியவற்றுக்கு முன்னால், விழாக் காலத்தில் மட்டும் பணம் தரும் கூத்துக் குழு நிற்பது கடினம். கோயிலார் வெற்றிலை பாக்கு வைத்து நாள் குறித்துவிட்டால் ஆடுபவர் மறுக்கக்கூடாது, ஆலைக்கோ அதே இரவில் ஆள் தேவை. பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளைக்கு ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி திறந்துவிட்ட பிழைப்பு வழியை முன்னொரு காலத்தில் கூத்துக்குழுவே தந்தது. ஆலைகள் கூத்தை அழித்தன என்று ஒரே வரியில் முடிப்பது மிகையாகும், ஏனெனில் ஊரில் சம்பளம் பெருகினால் விழாவுக்கான வரிப்பணமும் பெருகும். மாறியது ஆடுகிற கைகளின் எண்ணிக்கைதான்.

குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்கே பயின்ற பெண்களுள் சிலர் தொடர்ந்து ஆடிவருகின்றனர். அவர்கள் வேடம் கட்டும்போதும், முகத்தில் சிவப்பு ஏற்றி, இடுப்பில் துணியை அடுக்கிக் கட்டி, கடைசியாகத் தலையில் கிரீடத்தை வைத்து இறுக்க இன்னொருவர் கை இருந்தே தீரவேண்டும்.