துருக்கித் தட்டும் யப்பான் தட்டும்

சன்னிவேலில் ஒரு கராஜ் விற்பனையில் பழைய ட்றம்ஸ் செற் ஒன்றை நாங்கள் வாங்கியபோது அதை வைக்க எங்களில் ஒருவரிடமும் இடமிருக்கவில்லை. நான்கு ட்றம், மேலே சிவப்பு மினுக்கத் தாள், முன்பக்கத்தில் அமெரிக்கப் பெயர் போன்ற ஒரு பெயர். சிம்பல்கள் இல்லை. வாங்கத்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவர் எங்களுக்குள் மூத்தவரான அண்ணர். எழுபதுகளில் வடமராட்சித் திருவிழா மேடைகளில் ட்றம்ஸ் அடித்தவர். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப்பிசையைக் கோயில் வீதிவரை கொண்டுவந்த காலம் அது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்ததால், அதற்கு முன் நாட்டுக்குள் வந்துவிட்ட வாத்தியங்களே கைமாறிக் கைமாறி ஓடின. அண்ணருடைய செற்றும் கொழும்பிலிருந்து மூன்றாம் கையாக வந்ததுதான்.

"என்ரை சிம்பல் ஸில்ஜியன் தம்பி. துருக்கித் தட்டு" என்பார். இருபது வருடமாக நாங்கள் கேட்டுவருகிற வசனம். அதே மாதிரி ஒன்று தேடித்தரச் சொன்னார். தேடப் போனதில்தான் இந்தச் சரித்திரம் எங்களுக்கு அகப்பட்டது.

துருக்கித் தட்டு என்று சொல்வதே அரைகுறை உண்மை. 1623இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் பட்டறை போட்ட ஸில்ஜியன் குடும்பம் ஆர்மீனியக் குடும்பம். அதன் ஒரு கிளை அமெரிக்காவுக்கு வந்து 1929இல் மசாசூசெற்ஸின் குவின்சியில் உலை மூட்டியது. அவர்கள் கட்டிக்காத்த இரகசியம் உலோகக் கலவையில் பாதி, வேலைமுறையில் பாதி. நூற்றுக்கு எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு வெள்ளீயம். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் ஆறிய நிலையில் கண்ணாடிபோல உடையும். செந்தழலாகக் காய்ச்சித்தான் தட்டவோ உருட்டவோ முடியும். பிறகு நீரில் தோய்த்தால் உறுதி வரும்.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஆதிச்சநல்லூர் நினைவு வந்தது. 1899க்கும் 1905க்கும் இடையில் அலெக்ஸாந்தர் றீ தோண்டியெடுத்த தாமிரபரணிக்கரைப் பாத்திரங்களில் சில, ஏறத்தாழ 23 வீதம் வெள்ளீயம் சேர்த்துச் சூட்டில் அடித்து நீரில் தோய்த்தவை என்பதைப் பின்னாளில் சாரதா சீனிவாசனின் ஆய்வு காட்டியது. ஸில்ஜியனுக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம் என்று யாரும் மேடையேறிப் பேசக் கிளம்பவேண்டாம். கைவினை ஒன்றுக்குப் பல ஊர்களில் பிறப்புண்டு, அவ்வளவுதான்.

யப்பானுக்கும் அந்த வெண்கலம் புதிதல்ல. 'ஸஹாரி' என்பது அவர்கள் வைத்த பெயர். நாராவின் ஷோசோயின் களஞ்சியத்தில் ஆயிரத்து இருநூறு வருடப் பழைமையான ஸஹாரிப் பாத்திரங்கள் இருக்கின்றன. பிறகேன் அவர்கள் ஏற்றுமதி செய்த சிம்பல் பித்தளைத் தகடாயிற்று? காரணம் கொள்வனவாளர்.

1964 பெப்ரவரி 9ஆம் திகதி பீற்றில்ஸ் எட் சலிவன் நிகழ்ச்சியில் தோன்றியபோது சுமார் 7 கோடியே 30 இலட்சம் அமெரிக்கர் பார்த்தார்கள். மறுநாள் முதல் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் ட்றம்ஸ் கேட்டார்கள். றிங்கோ ஸ்ராரின் லட்விக் செற் வாங்க எல்லாத் தகப்பன்மாராலும் இயலுமா? அந்த இடைவெளியில் யப்பான் நுழைந்தது. 1946இல் டோக்கியோவில் இசைத்தாள் தாங்கி செய்யத் தொடங்கிய யானகிசாவாவின் பட்டறை பேர்ல் ஆகியிருந்தது. 1908இல் நகோயாவில் புத்தகக் கடையாகத் தொடங்கிய ஹொஷினோ, ஸ்ரார் என்ற பெயரில் ட்றம்ஸ் செய்தது; 1974இல் அதுவே தாமா ஆயிற்று. ட்றம்மின் உடல் பிலிப்பைன்ஸ் பக்கத்து லவான் மரம். கூடவந்த சிம்பல் செம்பும் நாகமும் கலந்த மெல்லிய பித்தளை. பெட்டிக்குள் ஒரு சிம்பல் இருந்தால் போதும், அது பாடவேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. செய்தவரின் பெயரும் அதில் இராது. இறக்குமதி செய்தவர் விரும்பிய பெயரை ஒட்டினார்கள்: ஸ்ருவேட், அப்பலோ, ஸிம்கார். ஒரே பட்டறைப் பிள்ளைகளுக்குப் பத்துத் தகப்பன் பெயர்கள்.

இந்தச் சன்னிவேலைச் சுற்றிய பழத்தோட்டங்களில் பாடுபட்ட யப்பானியக் குடும்பங்களை 1942இல் ஆணை 9066இன் கீழ் வயோமிங் முட்கம்பி முகாமுக்கு ஏற்றிய நாடு இது. இருபத்திரண்டு வருடம் கழித்து யப்பான் சாமானை அமெரிக்கப் பெயரில் வாங்கிக்கொண்டது.

ஆகவே அடையாளம் காண்பதென்பது பெயரை நம்பாமல் உலோகத்தை நம்புவது. நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம், வாங்கப்போகிறவருக்கு உதவும். நல்ல வெண்கலச் சிம்பலில் கடைசல் கோடுகளும் சுத்தியல் பள்ளங்களும் தெரியும். மங்கிய மையைச் சரிவான வெளிச்சத்தில் பார்த்தால் முத்திரையும் எழும்பும். பித்தளை மஞ்சள் கூடியது, கையில் இலேசானது, தட்டினால் சட்டென்று அடங்கிவிடும். நடு ஓட்டை சாவித்துவாரம்போல் நீண்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நீண்டிருந்தால் தாங்கியின் இரும்பில் உரசி நிறைய அடிவாங்கியது. யப்பான் தட்டும் அங்குலக் கணக்கில்தான் வரும், 14 அங்குலம் 355 மில்லிமீற்றர் சொச்சம். வாங்கியதும் பிரசோ போட்டு மினுக்கக்கூடாது, இருக்கிற மையும் போய்விடும். முக்கியமானது ஒன்று: மெல்லிய பித்தளை அடிபட்டால் மடியும், குடை திரும்புவதுபோலத் திரும்பும். ஸில்ஜியன் வெண்கலம் மடியாது, வெடிக்கும்.

இந்தக் கடைசி விதியை வாசித்துவிட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அண்ணர் அடிக்கடி சொல்லும் கதை இன்னொன்று உண்டு. ஒரு திருவிழாவில் மேடை சரிந்து சிம்பல் கீழே விழுந்ததாம். மடிந்த விளிம்பை உரலில் வைத்து மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்திப்போட்டு, அடுத்த பாட்டுக்கு அடித்தாராம்.

அந்தச் செற்றை அவர் பின்னாளில் வலிகாமத்தில் தமக்கையார் வீட்டில் விட்டிருந்தார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சனம் சட்டிபானையைத் தூக்கவே கை போதாமல் நடந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் அவர் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையில்லை. மரம் விறகாகியிருந்தது. சிம்பலைப் பழைய பித்தளைக்காரனுக்கு யாரோ நிறுத்துக் கொடுத்துவிட்டதாக அயலில் சொன்னார்கள். 'பித்தளைக்காரன்' என்ற சொல் அன்று அவருக்கு உறைக்கவில்லை, எங்களுக்கும்தான்.

உண்மையைச் சொல்வதா விடுவதா என்று இரண்டு வாரம் இழுபட்டோம். கடைசியில் இரண்டையும் வாங்கினோம்: குவின்சி முத்திரையுள்ள பழைய வெண்கலம் ஒன்று, பெயரில்லாத யப்பான் பித்தளை ஒன்று. எதையும் சொல்லாமல் தாங்கிகளில் பூட்டிவைத்தோம். அண்ணர் வெண்கலத்தில் ஒருதரம் தட்டினார். அது கராஜ் முழுவதும் நின்று நின்று ஒலித்தது. தலையாட்டினார். மற்றதில் தட்டினார். சளாரென்று எழும்பி உடனே செத்துப்போனது. திரும்பவும் தட்டினார்.

"இதுதான். இதுதான் என்ரை துருக்கித் தட்டு. எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"பத்து டொலர், அண்ணை. அது யப்பான் பித்தளை."

அவர் தட்டைக் கழற்றித் திருப்பி விளிம்பைப் பெருவிரலால் தடவினார். பிறகு பூட்டிவிட்டு இன்னொருமுறை அடித்தார்.