சாற்றுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு?

பள்ளி ஆய்வகங்களில் வீழ்படிவு என்றால் வெள்ளி நைட்ரேட்டைத்தான் எடுப்பார்கள். உப்புக் கரைசலில் நாலு சொட்டு விட்டதும் தயிர் போல வெள்ளையாகத் திரளும், பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். சேத்தியாத்தோப்பு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தே என் வேலைக்காலம் போனது. அந்தப் பாடத்துக்கு நம் வயல் கரும்புச்சாறே பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து. வீழ்படிவு வருவது எளிது, எவ்வளவு சேர்த்தால் சரியாக வரும் என்பதில்தான் வேதியியலே இருக்கிறது. இந்த 'எவ்வளவு'க்கு எங்கள் மாவட்டத்தில் நீண்ட வரலாறு உண்டு.

வெள்ளாற்று அணைக்கட்டும் வீராணம் ஏரியின் உபரி நீரும் கிடைக்கிற ஊர் இது. எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை வருவதற்கு முன்பு, கரும்பு போட்டவர்கள் கொட்டகை கட்டித் தாங்களே வெல்லம் காய்ச்சினார்கள். என் தாத்தாவும் அப்படித்தான். கொப்பரையில் சாறு சூடேறும்போது தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். இடித்து ஊறவைத்த வெண்டைத் தண்டின் கொழகொழப்பையும் சேர்ப்பார். சற்று நேரத்தில் பச்சையும் கறுப்புமாக அழுக்கு மேலே வந்து மிதக்கும், ஜல்லிக்கரண்டியால் வழித்தெடுப்பார்கள். "சுண்ணாம்பு போட்டது கண்ணுக்கும் தெரியக்கூடாது, நாக்குக்கும் தெரியக்கூடாது" என்பார். அவரிடம் இருந்த அளவுகோல் அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். கரும்புச்சாறு புளிப்புத்தன்மை உள்ளது, அதன் பி.எச். ஐந்தரைக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதில் பாஸ்பேட்டும் கரைந்திருக்கிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அந்தப் பாஸ்பேட்டோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத கால்சியம் பாஸ்பேட் உண்டாகிறது. அது பஞ்சுபஞ்சாகத் திரளும்போது சாற்றிலுள்ள மெழுகு, புரதம், மண்தூசு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. சர்க்கரை மட்டும் கரைசலிலேயே நிற்கிறது. சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும், அதே தண்ணீரில் சுண்ணாம்பு இரண்டு கிராம்கூட முழுதாகக் கரையாது. இந்த வேற்றுமையை நம்பித்தான் உலகின் சர்க்கரைத் தொழிலே நிற்கிறது.

எங்கள் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 1842இலேயே சர்க்கரைத் தொழிலைத் தொடங்கிவிட்டது. 1932இல் உள்நாட்டுச் சர்க்கரைக்குப் பாதுகாப்பு வரி வந்தபோது இந்தியாவில் சுமார் 30 நவீன ஆலைகள் இருந்தன, சில ஆண்டுகளிலேயே 100ஐத் தாண்டின. ஆலை வந்ததும் கண்ணளவு போதாமல் போயிற்று. நாளெல்லாம் ஓடும் சாற்றுக்கு முன்னால் யார் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அந்த இடத்துக்குக் கருவிகள் வந்தன. பிரெஞ்சு மருந்தாளர் போமே 1768இல் அமைத்த மிதவை அளவுகோல், இன்றும் சுண்ணாம்புப் பாலின் அடர்த்தியைச் சொல்கிறது. ஜெர்மானியரான அடால்ஃப் பிரிக்ஸின் பெயரால் சாற்றின் செறிவைச் சொல்கிறோம்: 100 கிராம் சர்க்கரைக் கரைசலில் 15 கிராம் சர்க்கரை இருந்தால் 15 பிரிக்ஸ். டென்மார்க்கின் சோரன்சன் 1909இல் பி.எச். என்ற கணக்கைத் தந்தார். தாத்தாவின் நாக்கு சொன்னதை எண்ணாக்கியது அதுதான்.

தமிழ்நாட்டு ஆலைகளில் பரவலாக இருப்பது சல்ஃபிடேஷன் முறை. சாற்றை 70 டிகிரிக்குச் சூடாக்கி, சுண்ணாம்புப் பாலையும் கந்தகத்தை எரித்து வரும் கந்தக டைஆக்சைடையும் விடுவார்கள். பாஸ்பேட்டோடு கால்சியம் சல்ஃபைட்டும் வீழ்கிறது, நிறம் வெளுக்கிறது. சாற்றின் பி.எச். 7ஐ ஒட்டி நிற்க வேண்டும். புளிப்புப் பக்கம் சாய்ந்தால் சுக்ரோஸ் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடையும், படிகமாக வேண்டியது மொலாசஸில் போய்ச் சேரும். சுண்ணாம்பு மிஞ்சினால் அந்தக் குளுக்கோஸ் சிதைந்து சாறு கறுக்கும். தாத்தாவின் கொப்பரையில் வெல்லம் கறுத்துக் கசிந்ததற்கும் இதே காரணம்தான்.

வகுப்பில் நான் இதைக் கணக்காகவே கொடுப்பேன். ஒரு லிட்டர் சாற்றில், பாஸ்பரஸ் பென்டாக்சைடாகச் சொன்னால் 300 மில்லிகிராம் பாஸ்பேட் இருக்கிறது. அதன் மூலக்கூறு எடை 142. அதில் ஒரு மோலுக்கு மூன்று மோல் சுட்ட சுண்ணாம்பு தேவை, சுண்ணாம்பின் எடை 56. விடை ஏறக்குறைய 355 மில்லிகிராம். சாற்றில் பாஸ்பேட் அந்த 300ஐவிட நன்றாகக் குறைந்துவிட்டால் படிவு திரளாது, ஆலைக்காரர்கள் பாஸ்பாரிக் அமிலம் ஊற்றி ஈடுகட்டுவார்கள். அழுக்கை நீக்க முதலில் இன்னொன்றைக் கரைக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்!

தெளிந்த சாறு ஆவியாக்கும் கலன்களில் சுண்டி 60 பிரிக்ஸுக்கு வரும். ஒன்றின் ஆவியால் அடுத்ததைக் கொதிக்கவைக்கும் அந்த வரிசைக்கு வழிகாட்டியவர் நார்பர்ட் ரில்லியூ, அமெரிக்காவில் அடிமைமுறை நடந்த காலத்தில் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினப் பொறியாளர். செறிவு ஏறும்போது மிச்சமிருந்த கால்சியம் உப்புகளும் குழாய்ச் சுவரில் படிகின்றன. வேண்டாத இடத்து வீழ்படிவு அது. காஸ்டிக் சோடா ஊற்றிக் கொதிக்கவைத்து, சுரண்டி எடுத்தால்தான் அடுத்த ஓட்டம்.

சாற்றைத் தெளியவைக்கும் தொட்டியின் அடியில் தங்கியதை வடிகட்டினால் கருஞ்சேறு கிடைக்கும். ஆலைக்காரர்கள் அதைப் பிரஸ் மட் என்பார்கள். சுண்ணாம்புடன் கரியமிலவாயு விடும் கார்பனேஷன் முறையில் வரும் சேற்றில் சுண்ணாம்பு அதிகம், களர் நிலத்துக்கு அது ஆகாது. நம் பக்கத்துச் சேற்றில் கரிமப்பொருளும் பாஸ்பரஸும் உண்டு. அதை மக்கவைத்து, டிராக்டரில் ஏற்றி, அடுத்த கரும்புக்கு உழுவதற்கு முன் வயலில் கொட்டுகிறார்கள்.