நெருப்பைக் காத்தவரும் மொழியைக் காத்தவரும்

மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழர்கள் மாலை வேளையில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் உலவச் சென்றால், தாம் அறியாமலே ஒரு பழம்பேரரசின் வழித்தோன்றல்களிடையே நடக்கின்றனர். 1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் பம்பாய் நகரம் வடக்கே விரிந்தபோது, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. மஞ்சேர்ஜி ஜோஷி என்பாரின் முயற்சியால் பார்சி காலனி அமைந்தது. அதன் அருகிலேயே தமிழ்க் குடும்பங்களும் வேரூன்றின. இவ்வாறு நமக்கு அண்டை வீட்டாராய் அமைந்த மக்களின் பழம்பெரு நாடு அன்று எவ்வாறு இருந்தது, இன்று எவ்வாறு இருக்கிறது என்று ஒப்பு நோக்குவது, புலம்பெயர்ந்து வாழும் நமக்குப் பயனுடைய ஆராய்ச்சியாகும்.

அன்றைய பாரசீகம்

கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய சைரஸ் மன்னன், அங்குச் சிறைப்பட்டிருந்த யூதர்களைத் தாயகம் திரும்ப விடுத்தான். அவனுக்குப் பின் வந்த டேரியஸ் காலத்தில் பேரரசு சிந்துவெளி முதல் ஏஜியன் கடல் வரை பரந்தது. அம்மன்னன் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் தன் வெற்றிகளைப் பழம்பாரசீகம், ஈலாமியம், பாபிலோனியம் என்னும் மும்மொழிகளில் பொறித்தான். பல இன மக்களை ஆள்வோன் பல மொழிகளில் பேச வேண்டும் என்பதை அவ்வரசு உணர்ந்திருந்தது.

எனினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றிவிடுதல் பொருந்தாது. அதே பாறை, கிளர்ந்தெழுந்தோர் எவ்வாறு ஒடுக்கப்பட்டனர் என்பதையும் உரைக்கிறது. பெர்செபொலிஸ் நகரில் கிடைத்த களிமண் ஏடுகள், அரசுப் பணியாளர்க்கு அளந்த தானியத்தையும் மதுவையும் கணக்கிட்டுக் காட்டுகின்றன. மகப்பேறுற்ற பெண்களுக்குத் தனிப்படி அளந்தனர் என்பது நம்மை வியக்கவைக்கிறது; ஆண்மகவை ஈன்றவளுக்குப் பெண்மகவை ஈன்றவளினும் இரு மடங்கு அளந்தனர் என்பதோ நம்மைச் சிந்திக்கவைக்கிறது.

இன்றைய நிலை

கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை பெர்செபொலிசை எரித்தது. பின்னர் எழுந்த சாசானியப் பேரரசும் கி.பி. 651இல் அராபியர் வெற்றியோடு முடிந்தது. அன்று ஒரு குடைக்கீழ் இருந்த நிலப்பரப்பு இன்று பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பாரசீகம் என்று பிறர் அழைத்த நாடு, 1935 முதல் ஈரான் என்றே தன்னை அழைக்குமாறு உலகைக் கேட்டுக்கொண்டது. 1971இல் ஷா மன்னர் பெர்செபொலிஸ் இடிபாடுகளிடையே 2500 ஆண்டு முடியாட்சிக்குப் பெருவிழா எடுத்தார். எட்டே ஆண்டுகளில், 1979இல், அம்முடியாட்சியே புரட்சியில் வீழ்ந்தது. பழம்பெருமை அரியணையைத் தாங்கவில்லை.

ஆயின் மக்களிடம் நிலைத்தவை பல. நிலத்தடி வாய்க்கால் வெட்டி மலைநீரை வறண்ட ஊர்களுக்குக் கொணரும் கனாத் முறை, பழமை மாறாமல் இன்றும் பல இடங்களில் பயன்படுகிறது. இளவேனிற்கால நவ்ரோஸ் புத்தாண்டை ஈரானியர் மட்டுமன்றி ஆப்கானியர், தாஜிக்குகள், குர்துகள் ஆகியோரும் கொண்டாடுகின்றனர். எல்லாவற்றினும் மேலாக மொழி நிலைத்தது. அரபு எழுத்தை ஏற்று, எண்ணற்ற அரபுச் சொற்களையும் ஏற்றபின்னும், பாரசீக மொழி தன் உயிரை இழக்கவில்லை. கி.பி. 1010 அளவில் பிர்தௌசி பாடி முடித்த ஷாநாமா காவியத்தை இன்றைய ஈரானிய மாணவன் பெருமுயற்சியின்றிப் படித்துச் சுவைக்கின்றான். அம்மொழியின் வளம் தமிழகத்தையும் எட்டியது. நாம் நாள்தோறும் வழங்கும் சுமார், பஜார், தர்பார் ஆகியவை பாரசீகச் சொற்களே. சென்னைப் பரங்கிமலையின் பழஞ்சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்துகளும் சாசானியர் காலப் பஹ்லவி மொழியைச் சேர்ந்தவையே.

குறை ஒன்றும் உண்டு. மும்மொழியில் கல்வெட்டுப் பொறித்த மன்னனின் நாட்டில் இன்று பாரசீகம் ஒன்றே ஆட்சிமொழி. அசேரி, குர்து, பலூச்சி பேசுவோர் தம் மொழிக்கு உரிய இடத்தை இன்னும் வேண்டி நிற்கின்றனர்.

கடல் கடந்தவர்கள்

சாசானியப் பேரரசு வீழ்ந்தபின், தம் ஜரதுஷ்டிர சமயத்தைக் காக்கக் கடல் கடந்து குஜராத்தின் சஞ்சான் கரையில் இறங்கியவர்களே பார்சிகளின் முன்னோர். அவர்கள் வளர்த்த ஈரான்ஷா என்னும் புனித நெருப்பு பல இடங்களில் காக்கப்பெற்று, 1742 முதல் உத்வாடாவில் அணையாது எரிகிறது. தாயகத்திலோ பெரும்பாலோர் இசுலாத்தைத் தழுவினர். யஸ்த், கெர்மான் வட்டாரங்களில் சிறுபான்மையோரே பழஞ்சமயத்தில் நின்றனர். பம்பாய்ப் பார்சிகள் அவர்களை மறக்கவில்லை. 1854இல் மானெக்ஜி லிம்ஜி ஹடாரியாவை அங்கு அனுப்பினர். அவருடைய நெடிய முயற்சியின் பயனாக, அச்சிறுபான்மையினர்மீது விதித்திருந்த ஜிஸியா வரி 1882இல் நீங்கியது. நகரத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேநீர் வழங்கிய இரானி ஓட்டல்களைத் தொடங்கியோரில் பலர், அவ்வட்டாரங்களிலிருந்து பின்னாளில் வந்தவர்களே.

இங்கேதான் வரலாறு நமக்கு ஓர் அரிய பாடத்தை வைத்திருக்கிறது. மண்ணில் தங்கியவர்கள் நெருப்பை விட்டனர், மொழியைக் காத்தனர். கடல் கடந்தவர்கள் நெருப்பைக் காத்தனர், மொழியை விட்டனர். பார்சிகள் குஜராத்தியைத் தம் மொழியாக்கி, 1822இல் பர்துன்ஜி மர்ஸ்பான் மூலம் 'மும்பை சமாச்சார்' என்னும் இதழையே நிறுவினர். இன்று அவர்தம் இளையோர் பலர் குஜராத்தியையும் விட்டு ஆங்கிலத்திற்கு மாறிவிட்டனர். அவெஸ்தா வழிபாட்டுரைகளை மனப்பாடமாக ஓதுவோரில் பொருளறிந்து ஓதுவோர் சிலரே. 1941இல் 1,14,890 ஆக இருந்த அவர்கள் தொகை, 2011 கணக்கெடுப்பில் 57,264 ஆகக் குறைந்தது. கல்வியும் செல்வமும் கொடையும் சிறந்த சமுதாயத்திற்கே இந்நிலை என்பதை நாம் உன்னுதல் வேண்டும்.

நமக்குரிய பாடம்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் கோயில்கள் குறைவின்றி உள்ளன. பொங்கலும் திருவிழாவும் தவறாது நடைபெறுகின்றன. நம் நெருப்பு எரிகிறது, ஐயமில்லை. ஆனால் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளில் தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதோர் எத்தனை பேர்! ஈரானிய மாணவனுக்கு பிர்தௌசி எட்டுவதுபோல், நம் மழலையர்க்கு வள்ளுவரும் இளங்கோவும் எட்ட வேண்டாமா? மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் இந்நகர வாழ்வுக்கு வேண்டியவை; அவற்றைக் கற்பதால் தமிழ் அழியாது. வீட்டில் எழுதப்படாமலும் படிக்கப்படாமலும் போவதால்தான் அழியும்.

தமிழை நெருப்பெனக் கருதுவோம். உத்வாடாவின் நெருப்பு அணையாதிருப்பது, நாள்தோறும் முறை தவறாது அதற்கு விறகிடுவோர் இருப்பதால்தான். நம் இல்லங்களில் நாளொன்றுக்குத் தமிழ் நூலின் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளோடு படித்தால், அதுவே நாம் இடும் விறகு.